சாமித்தட்டில் மூன்று சாவிகள்

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகரில், தில்லைநாதன் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் மூன்று சாவிகள் இருந்தன. மூன்றும் ஒரே பூட்டுக்கு உரியவை. பூட்டு அங்கே இல்லை. அது ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டில், அகோதே என்ற கிராமத்தில், தில்லைநாதன் தலைவராக இருக்கும் சங்கம் கட்டிக் கொடுத்த பிரசவ விடுதியின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் அந்தச் சாவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஆறு மாதமாகக் குங்குமம் ஏறி ஏறிச் சாவிகள் சிவந்துபோயிருந்தன.

இதை வைத்து அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல மனிதர். கொஞ்சம் மேடைப் பைத்தியம், அவ்வளவுதான். அது அவருக்கே தெரியும். விழா நாட்களில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "டேய் தில்லை, உனக்கு மைக்கைக் கண்டால் கால் தரையிலை நிக்காது" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் பட்டுவேட்டியைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விடுவார்.

இருபத்தேழு வருடமாக அவருக்குக் கைக்கடிகாரக் கூடுகளை மெருகேற்றும் வேலை. அவர் விரல் பட்ட கடிகாரங்களைப் பெரிய பெரிய ஆட்கள் உலகமெல்லாம் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். எதிலும் அவர் பெயர் கிடையாது. எங்கேயாவது ஓரிடத்தில், கல்லில் வெட்டிய மாதிரித் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. பிழை அந்தக் கல்லில்தான் தொடங்கியது.

சங்கத்தை ஆரம்பித்தது அவரல்ல, மகள் சரணியா. தாதியர் படிப்பின்போது மூன்று மாதம் அகோதேயில் வேலை பழகிவிட்டு வந்து, சிநேகிதிகள் நான்கு பேரோடு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொப்பி, பென்சில் அனுப்பத் தொடங்கினாள். தகப்பன் 'ஒரு கை கொடுக்கிறேன்' என்று வந்தார். ஒரு வருடத்துக்குள் சங்கத்துக்கு 'சுடர் கல்வி சுகாதார மேம்பாட்டுச் சங்கம்' என்று பெயர் வந்தது, கொடி வந்தது, பதின்மூன்று பேர் கொண்ட நிர்வாகம் வந்தது, தில்லைநாதன் தலைவரானார். சரணியா இளைஞர் பிரிவுக்குத் தள்ளப்பட்டாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் இருந்தாள். பிறகு வேலை கிடைத்து லோசான் நகருக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் வேலை நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் உட்கார அறுபது வாங்குகள் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு வாங்கின் முதுகிலும் 'அமரர் இன்னாரின் நினைவாக' என்று தமிழில் எழுதியிருந்தது. அகோதேப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் காலமான அறுபது பேரின் மேல் சாய்ந்திருந்து வாய்ப்பாடு படித்தார்கள். அடுத்ததாகப் பிரசவ விடுதி. இரண்டு அறை, நான்கு கட்டில், தண்ணீர்த் தொட்டி. வைகாசி கடைசியில் கட்டி முடிந்தது.

கட்டி முடிந்ததும் தில்லைநாதன் ஒரு கடிதம் எழுதினார். கணினியைக் கொண்டு பிரெஞ்சுக்கு மாற்றி, சங்கத்தின் முத்திரை குத்தி அனுப்பினார். தலைவர் நேரில் வந்து நாடா வெட்டும்வரை எக்காரணம் கொண்டும் கட்டிடத்தைத் திறக்க வேண்டாம் என்பது முதலாவது வரி. விழாவில் முறைப்படி கையளிப்பதற்காகச் சாவிகள் அனைத்தையும் தமக்கு அனுப்பி வைக்கவும் என்பது இரண்டாவது வரி. அந்த ஊர்க்காரர் மரியாதை தெரிந்தவர்கள். மூன்று சாவியையும் அனுப்பிவிட்டார்கள். அவை பிள்ளையாரின் காலடியில் பத்திரமாக இருக்கின்றன என்று தில்லைநாதன் பதில் எழுதினார்.

ஆடி மாதம் வில்லங்கம் பிடித்தது. லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலைகள் எல்லாம் கோடையில் மூன்று வாரம் ஒன்றாக மூடும். அந்த மூன்று கிழமை விட்டால் ஆப்பிரிக்காவுக்குப் போய்வர வேறு லீவு கிடையாது. அந்த மூன்று கிழமையும் அச்சொட்டாக ஆடிக்குள்தான் விழும். ஆடியில் யாராவது புதுக்கட்டிடம் திறப்பார்களா? அதுவும் பிள்ளைப் பேற்றுக்கான கட்டிடம். தில்லைநாதன் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அடுத்த நீண்ட லீவு கிறிஸ்மஸுக்கு. அது மார்கழி. சுவிஸ்காரன் வேண்டுமென்றே தமிழனுடைய பீடை மாதங்களைத் தேடிப் பிடித்துத் தொழிற்சாலையை மூடுகிறானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

இதற்கிடையில் விடுதிச் சுவரில் பதிக்க வேண்டிய பெயர்க் கல்லும் சிக்கல் கொடுத்தது. கறுப்புக் கல்லில் நிர்வாகத்தார் பதின்மூன்று பேரின் பெயரும் பொன் எழுத்தில் வெட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, செயலாளர் தவராஜாவின் பெயர் பொருளாளரின் பெயருக்குக் கீழே இருந்தது. தவராஜா பதினெட்டு நாள் கதைக்கவில்லை. கல் திரும்ப வெட்டப்பட்டது. முப்பத்தொரு கிலோ. தில்லைநாதன் குடியிருக்கும் கட்டிடத்தின் நிலவறையில், குளிர்காலக் கார்ச் சில்லுகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்கள்.

"ஏன் அப்பா இன்னும் திறக்கேல்லை?" என்று சரணியா போனில் இரண்டு தரம் கேட்டாள்.

"பூச்சு வேலை கொஞ்சம் கிடக்குது பிள்ளை" என்றார் தில்லைநாதன் இரண்டு தரமும். அது முழுப் பொய். சொன்ன கையோடு சாமித்தட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் அவர் தவறவில்லை.

கார்த்திகையில் அக்குவி வந்தார். அக்குவி அகோதேயின் மருத்துவிச்சி. ஐம்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத பெண். ஜெனீவாவில் இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்கு வேறு யாரோ அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை திரும்பிப் போகும் விமானம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. இப்படி ஒரு பொருத்தம் ஜாதகத்தில்கூடக் கிடைக்காது என்று தில்லைநாதன் மகிழ்ந்துபோனார். நேராக அகோதேயிலிருந்து ஒருவர் வந்து, மேடையில் நின்று, முந்நூறு பேருக்கு முன்னால் நன்றி சொல்லப் போகிறார். அவர் பதினான்கு பக்கத்தில் ஒரு பேச்சு எழுதினார். சித்திரையில் சம்பளம் இல்லாத லீவு எடுத்துக்கொண்டு போய் விடுதியைத் திறக்கப் போவதாகப் பதின்மூன்றாவது பக்கத்தில் அறிவிக்க இருந்தார்.

விழா இரண்டு மணிக்கென்று அழைப்பிதழில் இருந்தது. மூன்று இருபதுக்கு மங்கல விளக்கேற்றினார்கள். கடிகாரத்துக்குப் பேர் போன ஊரில், மண்டபத்தில் பாதிப் பேர் கடிகாரத் தொழிற்சாலை ஆட்கள். நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கடிகாரத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள். அவர்கள்தான் மூன்று மணிக்குப் பிறகும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டு நின்றார்கள்.

சரணியா மதியம் ரயிலடியில் அக்குவியைச் சந்தித்துக் கூட்டிவந்திருந்தாள். பிரதம விருந்தினர் அல்லவா, முன்வரிசையில் நடுக் கதிரை. பிரதம விருந்தினர் கடைசியில்தான் பேச வேண்டும், அதுதான் நம்முடைய முறை. முதலில் வரவேற்புரை, பிறகு ஆசியுரை, பிறகு வாழ்த்துரைகள் ஐந்து, நடுவில் நடனம் மூன்று. நிகழ்ச்சி நிரலில் அக்குவியின் பெயர் பதினேழாவதாக இருந்தது. ஐந்து பதினேழுக்கு அவருக்கு ரயில்.

நான்கு பத்துக்குத் தலைவர் உரை தொடங்கியது. முதல் நான்கு பக்கமும் சங்கத்தின் வரலாறு. சரணியாவின் பெயர் இரண்டாம் பக்கத்தில் ஒருமுறை வந்தது. அடுத்ததாக, காலம் பொன்னானது என்ற கருத்தை அவர் விரிவாக எடுத்துச் சொன்னார். எட்டாம் பக்கத்தைத் திருப்பியபோது சரணியா மேடையோரம் வந்து நின்றாள்.

"அப்பா, அவவுக்கு ரயில். இப்ப கதைக்க விடாட்டி அவ கதைக்காமல்தான் போகவேணும்."

தில்லைநாதன் மணியைப் பார்த்தார். நான்கு முப்பத்தாறு. இராகு காலம் தொடங்கி ஆறு நிமிடம். அந்த நேரத்தில் பிரதம விருந்தினரைப் பேசவிட அவருக்கு மனமில்லை. ஆனால் சபை பார்த்துக்கொண்டிருந்தது. தன் பேச்சைப் பாதியில் நிறுத்தி விருந்தாளிக்கு இடம் விடுகிற பெருந்தன்மையை எல்லோரும் கவனிக்கட்டும் என்று ஒரு கணம் தாமதித்துவிட்டு, மைக்கைக் கொடுத்தார்.

தவராஜா பொன்னாடையோடு ஓடிவந்தார். அக்குவியின் தோளில் போர்த்தி, படம் எடுத்து, இன்னொரு முறை போர்த்தி, இன்னொரு படம் எடுத்தார்கள். அதற்கு நான்கு நிமிடம் போயிற்று.

அக்குவி பிரெஞ்சில் பேசினார். சரணியா பக்கத்தில் நின்று தமிழாக்கினாள். வாங்குகளுக்கு நன்றி என்றார். அவற்றின் முதுகில் இருக்கும் அழகான கோலங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிலேற்றில் வரைந்து பழகுகிறார்கள் என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. ஊர்த் தலைவர் வணக்கம் சொல்லச் சொன்னார் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். தில்லைநாதன் மேடையில் தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு அக்குவி தன் கைத்தொலைபேசியைச் சரணியாவிடம் கொடுத்தார். பின்னால் இருந்த திரையில் படம் விழுந்தது. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, கதவில் பெரிய பூட்டு. கதவுக்கு முன்னாலிருந்த சிமெந்துப் படியில் ஓர் இளம் பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவள் நெஞ்சில், துணியில் சுற்றிய சிசு. படி முழுவதும் மழைத் தண்ணீர்.

"எங்கட விடுதிதான்" என்று தமிழாக்கினாள் சரணியா. "யூலை மாதக் கடைசி. நல்ல மழை. இவவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏலாமல் போச்சு. பாதை வெள்ளம். அதாலை…" அவள் நிறுத்தித் திரும்பி அக்குவியைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். அக்குவி பதில் சொன்னார். சரணியா தமிழாக்கவில்லை.

தில்லைநாதனுக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு நன்றாக வரும். அவருக்கு விளங்கியது. அக்குவி இதைத்தான் சொன்னார்: "உங்கள் கடிதத்தை மதித்தோம். வீடு கொடுத்தவர் எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, பூட்டை உடைத்தால் நாம் திருடர்கள் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். பெரியவரிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளைகளிடம் கேட்பது முறையில்லை, அதனால்தான் நானே வந்தேன். சாவி உங்கள் கடவுளிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர் சம்மதித்தால் எனக்குத் தாருங்கள்."

மண்டபம் தமிழுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சரணியா மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள்.

"பூச்சு வேலை எண்டு சொன்னியள்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "திறப்பு எங்கை அப்பா? அந்தச் சாவியள் எங்கை?"

ஐம்பத்தெட்டு வயதுக்குள் தில்லைநாதன் எத்தனையோ மேடையில் ஏறியிருக்கிறார். அங்கிருந்து இறங்கிப் போய்விட வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் காது மடல் வரைக்கும் சுட்டது. ஏதாவது சமாளிக்கலாமா என்று மனம் பழைய வழக்கப்படி ஒரு வாக்கியத்தைத் தேடியது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஒன்று கிடைக்கவும் செய்தது. அதை அப்படியே விட்டார்.

"வீட்டிலை" என்றார். "எடுத்துக்கொண்டு வாறன். அவவை ரயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போ."

மேடைப் படிக்குக் கீழே மனைவி யசோதரா நின்றிருந்தார். "இஞ்சாருங்கோ, ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ. பனி கொட்டுது" என்றவர், "இப்ப இராகு காலம் வேறை" என்றும் சேர்த்துச் சொன்னார். அது எச்சரிக்கையா, குத்தலா என்று அவருக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் பல சமயம் புரிந்ததில்லை.

ஜக்கெட்டை எடுக்க நேரமில்லை. பட்டுவேட்டி, மேலே சட்டை, அதன்மேல் ஒரு சால்வை, காலில் விழாச் செருப்பு. அந்தக் கோலத்தில் சுடர் சங்கத்தின் தலைவர் லா ஷோ-து-ஃபோனின் ஏற்றத் தெருவில் ஓடினார். அந்த ஊரில் கார்த்திகைப் பனி கணுக்கால் வரைக்கும் கிடக்கும். இரண்டாவது முடக்கில் வழுக்கி விழுந்தார். நாய் கூட்டிவந்த ஒரு கிழவி அவரைத் தூக்கிவிட்டு, வேட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். உடுத்த மறந்து வெளியே வந்த மனிதன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதுவும் அவ்வளவு பிழையில்லை என்று தில்லைநாதன் நினைத்துக்கொண்டே ஓடினார்.

நாலாம் மாடி ஏறிச் சாமித்தட்டுக்கு முன்னால் நின்றபோது மூச்சு இரைத்தது. ஒரு விநாடி கை நின்றது. இராகு காலம், சந்தி நேரம், ஈர வேட்டி. பிள்ளையார் எப்போதும் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு இருந்தார். அவர் ஒருநாளும் கேட்காத சாவி. அவருக்கு எதற்குப் பூட்டும் சாவியும்? தில்லைநாதன் மூன்றையும் அள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

ரயிலடிக்கு வந்தபோது ஐந்து பதினைந்து. அக்குவி ரயிலின் கதவருகில் நின்றார், பொன்னாடையைக் குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். சரணியா தள்ளி நின்று தகப்பனுக்கு இடம் விட்டாள். சாவிகளைக் கொடுத்தபோது அக்குவியின் உள்ளங்கை முழுவதும் குங்குமம் அப்பியது. அவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இரத்தம் இல்லை" என்றார் தில்லைநாதன் பிரெஞ்சில். "வெறும் பொடி. பூசைப் பொடி."

அக்குவி தலையசைத்துச் சாவிகளைக் கைப்பைக்குள் போட்டார்.

ஏதாவது நல்லதாகக் கேட்க வேண்டும் போல் இருந்தது அவருக்கு. "படத்தில் இருந்த பிள்ளை சுகமா?"

"சுகம். நல்ல கொழுத்த பையன்."

"என்ன பெயர்?" என்று கேட்டார். கேட்கும்போதே, இந்த நிலையிலும், மனதின் ஒரு மூலை எதை எதிர்பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பாழாய்ப்போன மூலை.

"எங்கள் ஊரில் பிறந்த கிழமையின் பெயர் ஒன்று வைப்போம். பிறந்த விதத்தைச் சொல்லி இன்னொரு பெயர் வைப்போம். அவனுடைய இரண்டாவது பெயருக்கு, கதவுக்கு வெளியே வந்தவன் என்று பொருள்."

நடத்துநர் விசில் ஊதினார். அக்குவி படியில் ஏறினார்.

"மற்றப் பிள்ளைகள்?" என்றார் தில்லைநாதன். "இந்த ஆறு மாதத்தில் பிறந்த மற்றவர்கள்? அவர்களும் சுகம்தானே?"

அக்குவி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் படம் எடுத்தவர்கள் எல்லாரும் சுகம்" என்றார்.

கதவு மூடியது. சரியாக ஐந்து பதினேழுக்கு ரயில் நகர்ந்தது.

தகப்பனும் மகளும் மண்டபத்துக்கு நடந்தார்கள். வழியில் சரணியா தன் குளிர்த் தொப்பியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். கம்பளியில் பின்னிய, உச்சியில் குஞ்சம் வைத்த நாவல் நிறத் தொப்பி.

மண்டபத்தில் யாரும் கலைந்து போயிருக்கவில்லை. சாப்பாடு இன்னும் போடவில்லை. நடனம் ஒன்று முடிந்த கையோடு தவராஜா மைக்கைப் பிடித்து, "எங்கட தலைவர் விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்திட்டார். அவரின்ரை உரையின் மிச்சப் பகுதி இப்ப தொடரும்" என்றார்.

தில்லைநாதன் மேடையில் ஏறினார். எட்டாம் பக்கம் திறந்தபடியே கிடந்தது. அதை மூடினார். நாவல் நிறத் தொப்பியைக் கழற்ற நினைவு வரவில்லை. யசோதரா இரண்டாம் வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தார்.

"அந்த விடுதியிலை பூச்சு வேலை ஒண்டும் மிச்சமில்லை" என்றார். "வைகாசியிலையே முடிஞ்சுது. திறப்பு மூண்டும் என்னட்டைத்தான் இருந்தது. நான் போய் நாடா வெட்டவேணும் எண்டதுக்காகப் பூட்டி வைச்சிருந்தனான். ஆறு மாதம். வெளியிலை படியிலை கிடந்து பெத்திருக்கினம். எல்லாப் பிள்ளையளும் தப்பேல்லைப் போலை கிடக்குது."

மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு நின்றார்.

பின்பக்கத்தில் குழந்தைகள் ஓடும் சத்தத்தில் பலருக்குச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. தலைவர் பேசி முடித்துவிட்டார் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. யாரோ ஒருவர் தட்டத் தொடங்க, பழகிய கைகளும் சேர்ந்து தட்டின. யசோதரா தட்டவில்லை. சரணியா தட்டவில்லை.

நிகழ்ச்சி நிரலில் பதினெட்டாவது, தலைவரைக் கௌரவித்தல். தவராஜா பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தில்லைநாதன் கையை உயர்த்தித் தடுத்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்ட சபை இன்னும் பலமாகத் தட்டியது. தவராஜா ஈரச் சட்டையின்மேல் ஆடையைப் போர்த்தி, படம் எடுப்பவருக்காக அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தில்லைநாதனுக்கு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அந்தக் குளிருக்குப் பொன்னாடை கொஞ்சமும் போதவில்லை.